நித்திரையில் பார்த்த பாரிஸ்

இந்துஜா பாரிசில் ஒரு பகல் நின்றுவிட்டு வரப்போகிறாள் என்ற செய்தி, அவள் போலந்திலிருந்து வெளிக்கிட முதலே எங்கள் வேலணை ஒழுங்கை முழுக்கத் தெரிந்திருந்தது. யார் சொன்னது என்று என்னைக் கேட்கக் கூடாது. அவளுடைய தாய் சரோஜினிதேவி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னிடம் சொன்னாள். "புவனக்கா, உங்களோட இருக்கட்டும்" என்றும் சொன்னாள். என்னோடுதான் இருந்தது. நான் சொன்ன ஆட்களோடும் இருந்தது.

விசயம் இதுதான். இந்துஜா இரண்டு வருசம் போலந்தில் மேற்படிப்புப் படித்தவள். படிப்பென்றால் பகலில் படிப்பு, பின்னேரம் தொடங்கிச் சாமம் வரை ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஒட்டுகிற வேலை. எல்லாம் முடிந்து வீடு திரும்ப மலிவான டிக்கெட் தேடியதில் அகப்பட்டது பாரிஸ் வழி. விடியப் பாரிசில் இறங்கினால் இரவுதான் கொழும்புக்கு விமானம். இடையில் ஒரு முழுப் பகல். விமான நிலையக் கதிரையில் குந்தியிருக்காமல், கையில் மிச்சமிருக்கிற சில்லறையோடு ஊரைச் சுற்றிப் பார்ப்போம் என்று பிள்ளை நினைத்திருக்கிறாள். அந்தக் கோபுரம், ஆறு, பெரிய மாதா கோயில், அரண்மனை. உள்ளே போகாமல் வாசலில் நின்று பார்க்க ஒருவரும் காசு கேட்கமாட்டார்கள்தானே.

ஆனால் தீவுப்பகுதி ஆட்களுக்குப் பாரிசென்றால் கோபுரம் இல்லை. மருமகன், மச்சான், ஒன்றுவிட்ட தமையன், தமையனோடு கதையில்லாத தம்பி. அந்த ஊரில் பார்க்க வேண்டிய இடம் எது என்று எங்களைக் கேட்டால் ஆட்களின் பெயரைத்தான் சொல்லுவோம். ஒழுங்கை முடக்கில் இருக்கிற அப்புத்துரை அண்ணை, தன்ரை மகனுக்கு மிளகாய்த்தூள் கொடுத்துவிடலாமோ என்று என்னைக் கேட்டார்.

"அண்ணை, பிள்ளை அங்கையிருந்தெல்லோ வருகுது. இஞ்சயிருந்து போகேல்லை."

"ஓ... அப்ப வரேக்கை அவனை ஒருக்காப் பாத்திட்டு வரச் சொல்லன்."

"பாத்து?"

"பாத்தால் காணும். மெலிஞ்சிட்டானோ எண்டு."

சரோஜினிதேவியின் யோசனை மிளகாய்த்தூளை விடப் பெரியது. அவள் அந்த ஒரு பகலில் மகளுக்குக் கலியாணம் பேசத் திட்டம் போட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கிற முறை ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் பிடிக்கவில்லை என்று போனால் இரண்டு பக்கத்துக்கும் வெட்கம். அதனால் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் தற்செயலாகத் தேரடியில் நிற்பார்கள். பெண் வீட்டார் தற்செயலாக அர்ச்சனைத் தட்டோடு வருவார்கள். "அட, நீங்களும் வந்தனீங்களே!" பெண்ணுக்கு மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. சரிவராவிட்டால் என்ன, எல்லாரும் சாமி கும்பிடத்தானே வந்தது. இந்த முறையை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் பாரிசில் வைத்தாள் சரோஜினி.

மாப்பிள்ளை நயினாதீவு இரத்தினேஸ்வரி அக்காவின் ஒரே மகன் வாகீசன். தகப்பன் தில்லைநாதன் குருநாகலில் கடை வைத்திருந்து, செத்துப்போனவர். பொடியன் பாரிசில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை. போய்ப் பத்து வருசத்துக்கு மேல். தகப்பனின் செத்தவீட்டுக்கு வர வதிவிடப் பேப்பர் இல்லை. இப்போது பேப்பர் எல்லாம் கிடைத்துவிட்டது, ஆனாலும் வருகிறான் இல்லை. பாரிசில் எங்கள் ஆட்களின் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், பிள்ளையார் கோயில் வாசலில் நிற்கிற இந்துஜாவை அவன் சும்மா துணைக்கு வந்தவன் போலச் சந்தித்து ஊரைச் சுற்றிக் காட்டுவது என்று ஏற்பாடு. அவனுக்கு விசயம் தெரியும். இந்துஜாவுக்குச் சொன்னது, தெரிந்த ஆட்களின் பொடியன், துணைக்கு வருவான் என்று மட்டும்.

"சொல்லிப்போட்டுச் செய்தால் என்ன?" என்று நான் கேட்டேன்.

"சொன்னால் உவள் வேறை வழியால வந்து இறங்கியிடுவாள். எனக்குத் தெரியாதே என்ரை பிள்ளையை? இஞ்ச வந்து என்னக்கா செய்யப்போறாள்? அங்கை குடும்பமாய் இருந்தால் எனக்கும் நிம்மதி."

அவளுடைய மனுசன் சிவபாதம் வெங்காயப் பாத்தியில் குனிந்து நின்றார். "அவள் வரட்டும் முதல்ல" என்றார், நிமிராமலே. அந்த வீட்டில் அவருடைய பேச்சு அவ்வளவுதான்.

இந்துஜா வந்தாள். வந்தவளைப் பார்க்கப் போன சனத்துக்குப் பெரிய ஏமாற்றம். பெட்டி இல்லை. பெட்டிக்கு வேறாகக் காசு கட்ட வேண்டும் என்று சாமான்களை அறைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, முதுகுப் பை ஒன்றோடு வந்திருந்தாள். பைக்குள் அடங்காததை உடம்பில் போட்டிருந்தாள். சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் குளிர்ச் சட்டை. வேலணை வெயிலுக்குள் ஓட்டோவால் இறங்கும்போதும் குளிர்ச் சட்டை இடுப்பில் கட்டியிருந்தது. சொக்கிலேற் எதிர்பார்த்து வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு படுத்தாள். அப்படியொரு நித்திரையை நான் காணவில்லை. சாப்பிட எழும்புவாள், சாப்பிட்ட கையோடு திரும்பப் படுப்பாள். நான் காலையில் போனாலும் நித்திரை, பின்னேரம் போனாலும் நித்திரை.

"வருத்தமோ?" என்று சரோஜினியைக் கேட்டேன்.

"இல்லையாம். ரெண்டு வருசத்து நித்திரையாம்."

நான் விடுகிற ஆளில்லை. ஒரு நாள் குசினிக்குள் அவள் தேத்தண்ணியோடு தனியாக இருந்த நேரம் பிடித்துவிட்டேன்.

"எங்கை பிள்ளை, பாரிஸ் படம் காட்டு பாப்பம்."

"ஒண்டுதான் இருக்கு அன்ரி."

போனைத் தந்தாள். பஸ் கண்ணாடிக்குள்ளால் எடுத்த படம். கண்ணாடியில் வெயில் பட்டுப் பாதிப் படம் வெள்ளை. மிச்சத்தில் கோபுரத்தின் ஒரு கால். அதுவும் முழங்காலுக்குக் கீழே. உலகத்துச் சனமெல்லாம் அந்தக் கோபுரத்தை உள்ளங்கையில் தூக்குவது போலப் படம் எடுத்துப் போடுகிறது. இவள் அதற்கு முடம் வந்தது போல எடுத்து வைத்திருக்கிறாள். படத்தின் ஓரத்தில் வேறொன்றும் இருந்தது. நான் இரண்டு விரலால் பெரிதாக்கினேன். ஒரு ஆம்பிளைக் கை. மணிக்கட்டில் ஒரு பையின் வார் சுற்றியிருந்தது.

"இது ஆற்றை கை?"

"அது அந்த வாகீசன் எண்டவர்."

"பை ஆற்றை?"

"என்ரை."

தேத்தண்ணி ஆறும்வரை ஒன்றொன்றாகக் கேட்டு எடுத்தேன். எனக்கு அது வரும்.

போலந்து விமான நிலையத்தில் இரவு முழுக்க முழிப்பு. விடியப் பாரிசில் இறங்கி, ரயில் பிடித்து, பிள்ளையார் கோயில் வாசலுக்குப் போய் நின்றிருக்கிறாள். அவனும் வந்தான். அவன் இரவு வேலை முடித்து நேரே வந்தவன். உடுப்பில் வெங்காயம் பொரித்த மணம். "நீங்கள்தானே இந்துஜா?" என்று கேட்டான். "ஓம்" என்றாள். இருவரும் பிள்ளையாரைக் கும்பிட்டார்கள். காசு கனக்கச் செலவழிக்காமல் ஊரைப் பார்க்க அவன் ஒரு வழி சொன்னான். சுற்றுலாப் பஸ் வேண்டாம், அது கொள்ளை. ஊர்ச் சனம் போகிற பஸ் ஒன்று இருக்கிறது, எல்லா இடத்தாலும் போகும், சாதாரண டிக்கெட். ஏறினார்கள். அவளுக்கு யன்னல் பக்கம் விட்டான். "பையைத் தாங்கோ, நான் வச்சிருக்கிறன். இஞ்ச கள்ளர் கூட" என்று வாங்கி மடியில் வைத்து, வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டான்.

"பிறகு?"

"பிறகு நித்திரையாப் போனன்."

"நீ நித்திரை. அவன்?"

"அவரும்."

கடைசித் தரிப்பில் சாரதி வந்து தட்டி எழுப்பியிருக்கிறான். இருவருக்கும் வெட்கம். அதே பஸ்ஸில் திரும்பி வருவோம், வருகிற வழியில் பார்க்கலாம் என்றானாம். அவனுக்கு யன்னலை விட்டு இந்தமுறை அவள் இந்தப் பக்கம் இருந்தாள். திரும்பவும் நித்திரை. இடையில் ஒருக்கால் கண் முழித்தபோது கண்ணாடிக்கு வெளியே ஏதோ இரும்பு தெரிந்திருக்கிறது. அதுதான் கோபுரம் என்று விளங்கிப் போனை எடுக்கிறதுக்குள் பஸ் திரும்பிவிட்டது. ஆறு போனது, மாதா கோயில் போனது, அரண்மனை போனது. பாரிஸ் முழுக்க அவர்களுக்குப் பக்கத்தால் போயிருக்கிறது. பிறகு லாச்சப்பலில் கொத்து ரொட்டி வாங்கிக் கொடுத்து, ரயில் ஏற்றிவிட்டான்.

"போகேக்கை என்ன சொன்னவன்?"

"அடுத்த முறை முழிச்சிருந்து பாப்பம் எண்டார்."

"வேறை?"

"வேறை ஒண்டும் இல்லை அன்ரி." கோப்பையைக் கழுவப் போனாள். போகிற போக்கில், "நான் அங்கை ரெண்டு வருசமாய் பஸ்ஸில கண் மூடினதில்லை. பை போயிடும் எண்ட பயம்" என்றாள்.

பெண் பார்க்க என்று வந்த மாப்பிள்ளை பெண்ணுக்குப் பக்கத்தில் குறட்டை விட்ட கதையைத் தீவுப்பகுதியில் நான் முதன்முதல் கேட்டேன். சரோஜினியிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். "அப்ப பொடியனுக்குப் பிடிக்கேல்லையோ?" என்று முகம் சுருங்கிப்போனாள். ஆனால் அன்று பின்னேரமே நயினாதீவிலிருந்து போன் வந்தது. மகன் தாயிடம் "நல்ல பிள்ளை அம்மா" என்று சொல்லியிருக்கிறான். என்ன கதைத்தாய் என்று தாய் கேட்டதற்கு, "ஒண்டும் கதைக்கேல்லை" என்றானாம். இனி இரத்தினேஸ்வரி அக்கா தன் கண்ணால் பிள்ளையைப் பார்க்க வேண்டும். அதுவும் தற்செயலாக. நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில்.

மகள் பத்திரமாகத் திரும்பி வந்தால் அம்மாளுக்கு வெள்ளியில் நாகபடம் வைப்பதாக நேர்த்தி இருக்கிறது என்று சரோஜினி இந்துஜாவிடம் சொன்னாள். அது பொய்யில்லை. வருசத்துக்கொரு நேர்த்தி வைக்கிற மனுசி. தட்டுப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று நானும் வெளிக்கிட்டேன். என்னை ஒருவரும் கேட்கவில்லை, ஆனால் மறிக்கவும் இல்லை.

பஸ்ஸில் குறிகட்டுவான் படகுத்துறைக்குப் போய் இறங்கி, வெயிலுக்குள் வரிசையில் நின்று, படகு ஏறினோம். மேலே இடமில்லை. கீழே டீசல் மணத்துக்குள், தெற்கிலிருந்து நயினாதீவு விகாரைக்கு வந்த வெள்ளை உடுப்புச் சிங்களச் சனத்தோடு நெருங்கி இருந்தோம். இந்துஜாவுக்கு மாம்பழக் கலர்ப் பட்டுச்சீலை. கழுத்தில் அட்டியல். படகு கரையை விட்டதும் கேட்டாள்.

"அம்மா, ஒரு நேர்த்திக்கு ஏன் அட்டியல்?"

"அம்மாளுக்கு முன்னால வெறுங்கழுத்தோட போறதே?"

"போன முறை சட்டையோட வந்தனான். அம்மாள் ஒண்டும் சொல்லேல்லை." என் பக்கம் திரும்பினாள். "அன்ரி, ஆர் அங்கை நிக்கினம்?"

நான் கடலைப் பார்த்தேன். நான் கடல் பார்க்கிற ஆளில்லை என்று அவளுக்குத் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வைக்கும் அந்த டீசல் மணத்துக்கும் நடுவில் எனக்கு வேறு வழி தெரியவில்லை.

"வாகீசன்ரை தாய்."

"புவனக்கா!" என்றாள் சரோஜினி.

இந்துஜா கழுத்து அட்டியலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "அப்ப அண்டைக்கு அது... அவருக்குத் தெரியுமோ?"

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சுகொண்டே நித்திரை கொண்டவரோ?"

சிரித்துவிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். சரோஜினிக்கு அதைக் கண்டதும் துணிவு வந்துவிட்டது.

"நல்ல இடம் மோனை. பேப்பரும் இருக்கு. நீ போய் இறங்கினாச் சரி."

சிரிப்பு நின்றுவிட்டது.

"அம்மா, நான் இனிப் பிளேன் ஏறமாட்டன். கோவத்தில சொல்லேல்லை. எனக்கு ஏலாது. அந்த பஸ்ஸில நாங்கள் மட்டுமே நித்திரை? முன்னுக்கு இருந்த மனுசி நித்திரை, பின்னுக்கு இருந்த கறுப்புப் பொடியன் நித்திரை. எல்லாரும் ஒரு வேலை முடிச்சு மற்ற வேலைக்குப் போற ஆக்கள். நான் ரெண்டு வருசம் அப்பிடி இருந்திட்டன். ஆயுசுக்கும் இருக்கேலாது."

"இஞ்ச இருந்து என்ன செய்யப்போறாய்?"

"இஞ்சயும் வேலை தேடுவன். களைப்பன்தான். ஆனால் கட்டிலில படுப்பன்."

சரோஜினி சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையா வேறொன்றா என்று பார்க்க எட்டினேன். பக்கத்தில் இருந்த சிங்களப் பிள்ளையொன்று தலையை நீட்டி மறைத்துவிட்டது.

கோயில் வாசலில் இரத்தினேஸ்வரி அக்கா தற்செயலாக நின்றா. கையில் பூமாலை. கறுப்புக் குடை. எத்தனை மணியிலிருந்து நின்றாவோ, முகம் வாடியிருந்தது.

"அட, சரோஜினி! எப்ப வந்தனீர்?"

"இப்பத்தான் அக்கா. நேர்த்தி ஒண்டு. நீங்களும் வந்தனீங்களே!"

அவ அந்த ஊர்தான். நாள் தவறாமல் அந்தக் கோயிலுக்கு வருகிறவ. இருந்தாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும். இந்துஜா ஒன்றும் தெரியாத பெண் போலக் கும்பிட்டு நின்றாள். நடிப்பில் அவளும் எங்களுக்குக் குறைவில்லை. நாகபடம் வைத்தோம், அர்ச்சனை முடிந்தது, அன்னதான மண்டபத்தில் வரிசையாக நிலத்தில் இருந்தோம். இரத்தினேஸ்வரி அக்கா இந்துஜாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தா. நான் இந்தப் பக்கம் நெருங்கி இருந்தேன், சோறு தெரிகிற தூரத்தில்.

நிறம், படிப்பு, சமையல் என்று கேட்பா என்று காத்திருந்தேன். அவ சோற்றில் கை வைக்காமல், மெல்லமாகக் கேட்டா.

"பிள்ளை, அவன் பஸ்ஸில நித்திரையாப் போனவன் எண்டு சொன்னான். உண்மையோ?"

"ஓம் அன்ரி."

"எனக்குப் போனில எப்பவும் சொல்லுவான், நல்லா நித்திரை கொள்ளுறன் அம்மா எண்டு. நான் நம்பிறேல்லை. எப்பிடி நித்திரை கொண்டவன்?"

இந்துஜா இடது கையால் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள். இரத்தினேஸ்வரி அக்கா கோபுரத்தின் காலைப் பார்க்கவேயில்லை. மணிக்கட்டைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தா.

"இதென்ன, சுட்டிருக்கு?"

நான் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்த படம். வாருக்குக் கீழே எண்ணெய் தெறித்த தழும்பு ஒன்று நீளமாக இருந்திருக்கிறது. என் கண்ணுக்குப் படவில்லை.

"பழசு அன்ரி. காய்ஞ்சிட்டுது" என்றாள் இந்துஜா. "நல்லாத்தான் நித்திரை கொண்டவர். வாய் திறந்துகொண்டு. பஸ் குலுங்கக் குலுங்கத் தலை கண்ணாடியில அடிபட்டது. நான் என்ரை கம்பளித் தொப்பியைக் கழட்டி இடையில வச்சுவிட்டனான். அதுக்கும் எழும்பேல்லை."

தொப்பி! குசினிக்குள் அவ்வளவு நேரம் குடைந்தேன். தொப்பிக் கதையை எனக்குச் சொல்லவில்லை. 

"தொப்பி எங்கை?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"அவரிட்டை விட்டிட்டு வந்திட்டன்" என்றாள், என்னைப் பாராமல்.

இரத்தினேஸ்வரி அக்கா போனைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்தா. "வந்திட்டுப் போடா எண்டு எத்தினை தரம் கேட்டிட்டன். அங்கை வந்து என்னம்மா செய்யிறது எண்டு கேக்கிறான். நான் என்னத்தைச் சொல்ல?"

"நித்திரை கொள்ளலாம் எண்டு சொல்லுங்கோ."

அக்கா நிமிர்ந்து பார்த்தா. இந்துஜா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். "நான் அங்கை போகமாட்டன் அன்ரி. அதை இப்பவே அவரிட்டைச் சொல்லிப்போடுங்கோ, நம்பிக்கொண்டு இருக்க வேண்டாம். ஆனால் அவர் வரட்டும். வந்து ஆசை தீரப் படுத்து எழும்பட்டும். எழும்பினாப்பிறகு நானே கேக்கிறன், இஞ்ச நிக்கேலுமோ எண்டு. ஏலுமெண்டால் கதைப்பம்."

சரோஜினி என் தொடையில் கிள்ளினாள். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் மாப்பிள்ளையை ஊருக்குக் கூப்பிடுகிறாள். இதற்கு எங்கள் முறையில் ஒரு பதிலும் இல்லை. இரத்தினேஸ்வரி அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தா. பிறகு தன் இலையில் தொடாமல் இருந்த வடையை எடுத்து இந்துஜாவின் இலையில் வைத்தா.

"சாப்பிடு பிள்ளை. நல்லாக் களைச்சுப் போனாய்."

திரும்பி வரும் படகில் சரோஜினி என் காதுக்குள், "புவனக்கா, இப்ப இது ஓமோ இல்லையோ?" என்று கேட்டாள்.

"தெரியாது" என்றேன். அந்தச் சொல்லை நான் லேசில் சொல்லுகிற ஆளில்லை.

குறிகட்டுவானில் பஸ் நின்றது. இந்துஜா எனக்குப் பக்கத்தில் யன்னலோரம் இருந்தாள். கேட்க எனக்குக் கனக்க இருந்தது. தொப்பி என்ன நிறம், அவன் அதைத் திருப்பித் தரவில்லையா, இவள் கேட்கவில்லையா. வாயைத் திறக்க முதல், "அன்ரி, இதை ஒருக்கா வச்சிருங்கோ" என்று கைப்பையை என் மடியில் போட்டாள். புங்குடுதீவு தாண்டவில்லை, கண் மூடிவிட்டாள். தலை கண்ணாடியில் முட்டியது. பிறகு என் தோளில் சரிந்தது.

கடலுக்கு நடுவே போகிற தெருவில் பஸ் குலுங்கிக் குலுங்கிப் போனது. நாங்கள் இறங்குகிற வங்களாவடிச் சந்தியில் அப்புத்துரை அண்ணை நிற்பார், என்ன முடிவு என்று கேட்பார். என்ன சொல்லுவது என்று யோசித்து முடியவில்லை. என் தோள் விறைத்துப்போயிருந்தது. எனக்கும் கண் சொருகிக்கொண்டு வந்தது. பையின் வாரைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டேன்.